ஆறில்லாத ஊர்ல இருந்து தண்ணியில்லாத ஆத்தங்கரைக்கு

1990 ஆகஸ்ட்ல இலங்கையில இருந்து அகதியா ராமேஸ்வரம் வந்து எறங்குனப்ப எனக்கு எட்டு வயசு. மண்டபம் அகதி முகாம்ல பதிஞ்சு, ரெண்டு வாரம் வச்சிருந்து, ஒரு ராத்திரி பஸ்ல ஏத்தி விடியறப்ப எறக்கி விட்ட இடம்தான் வேலூர், அதுக்கு முன்னாடி அந்தப் பேரே நாங்க கேட்டதில்ல. அடுத்த வாரம் காட்பாடி போறப்ப பாலாத்துப் பாலத்து மேல பஸ் போகுது, அம்மா வெளிய பாத்துட்டு "இது கடற்கரையோ?"ன்னு கேட்டாங்க, அவ்வளவு மணல். ஆறுன்னு பக்கத்துல ஒருத்தர் சொன்னதும் "எங்கட ஊரில ஆறே இல்லை, இஞ்ச ஆறு இருக்கு, தண்ணியைக் காணேல்லை"ன்னாங்க. இன்னிக்கு வரைக்கும் அந்தப் பாலத்தைத் தாண்டுறப்ப எனக்கு அந்தக் குரல்தான் கேக்கும்.

முகாம்ல பத்துக்குப் பத்து அடி ரூம், இடுப்பு வரைக்கும் சுவர், மேல தார் ஷீட்டு. வேலூர் வெயில்ல மதியானம் உள்ள உக்காரவே முடியாது, புளியமரத்தடியிலதான் எல்லாரும். மாசாமாசம் செக்கிங், பேர் கூப்பிடறப்ப ஆள் இருக்கணும், வெளியூர் போகணும்னா எழுதிக் குடுத்துட்டுப் போகணும். 1991ல ராஜீவ் காந்தி கொலைக்கு அப்புறம் எல்லாம் இன்னும் இறுகிப்போச்சு, அந்தக் கதைக்குள்ள இப்ப போகல.

எங்க ஊரு யாழ்ப்பாணத்துல பண்டத்தரிப்பு. அங்கயும் நாங்க சிஎஸ்ஐதான், யாழ்ப்பாண சபையும் இதே தென்னிந்திய திருச்சபையோட ஒரு பங்குதான், இங்க பேராயம்னு சொல்றதை அங்க ஆதீனம்னு சொல்லுவோம், அவ்வளவுதான் வித்தியாசம். அம்மம்மா ஸ்கடர் டாக்டர் கதையை அடிக்கடி சொல்லுவாங்க, அமெரிக்காவுல இருந்து வந்து எங்க ஊர்லதான் ஆஸ்பத்திரி வச்சு வைத்தியம் பாத்தாருன்னு. வேலூர் வந்தப்புறம்தான் மீதிக் கதை தெரிஞ்சது. அவரோட பையன் ஹென்றி 1822ல பண்டத்தரிப்புல பொறந்தவரு, அவரும் தம்பிங்களும் சேர்ந்துதான் 1853ல ஆற்காடு மிஷனை ஆரம்பிச்சாங்க, ஸ்கடர் டாக்டரோட பேத்தி ஐடா ஸ்கடர் 1900ல வேலூர்ல தொடங்குனதுதான் இன்னிக்கு சிஎம்சி ஆஸ்பத்திரி. அம்மம்மாவுக்கு அதைக் கேட்டு ஒரே சந்தோஷம், "எங்கட ஊர்ப் பிள்ளையள்"னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. எனக்கு வேற ஒண்ணு தோணும். அவங்களும் கடல் தாண்டி இதே வழியாத்தான் வந்தாங்க, அவங்களை யாரும் அகதின்னு கூப்பிடல.

ஆனா அதே அம்மம்மா முதல் ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு வரமாட்டேன்னுட்டாங்க. காரணம் வாய்விட்டுச் சொல்லல, வீட்டுல எல்லாருக்கும் தெரியும், பக்கத்து ஊரு சபை காலனிக்காரங்க சபை. எல்லாத்தையும் விட்டுட்டு ஒரு துணிப்பையோட வந்தவங்க, ஜாதியை மட்டும் விடாம கொண்டு வந்திருந்தாங்க. இதை எழுத எனக்குக் கஷ்டமா இருக்கு, ஆனா நியாயத்தைப் பத்திப் பேசறப்ப இதை மறைக்கக் கூடாது. அந்த வாரமே சபையில இருந்து ஒரு அம்மா அலுமினியக் குண்டான்ல கேழ்வரகுக் கூழ் எடுத்துட்டு வந்து வாசல்ல நின்னாங்க. "இன்னா ஆயா, கொழந்தைங்க எதுனா துன்னுச்சா? மொதல்ல இத்த குடு அதுங்களுக்கு." அம்மம்மா ரொம்ப நேரம் அந்தக் குண்டானையே பாத்துட்டு இருந்தாங்க. அப்புறம் வாங்கி எங்களுக்கு ஊத்திட்டு, கடைசியில தானும் குடிச்சாங்க. அடுத்த ஞாயிறு கோயில்ல அந்த அம்மா பக்கத்துலதான் உக்காந்தாங்க.

சபை எங்களுக்கு நெறைய செஞ்சது, பாய், போர்வை, நோட்டுப்புக், கிறிஸ்துமஸுக்குச் சேலை. ஒவ்வொரு வாரமும் "முகாம் மக்களுக்காக" ஜெபம் பண்ணுவாங்க. நன்றி இல்லாம சொல்லல, ஆனா இருபத்தஞ்சு வருஷம் கழிச்சும் அதே ஜெபத்துல அதே பேர்ல இருந்தா மனசு என்னமோ பண்ணும். என் வீட்டுக்காரர் பெயிண்டிங் வேலை, இந்த ஊர்ல எத்தனையோ வீட்டுக்கு அவர் கையாலதான் சுண்ணாம்பும் பெயிண்டும், ஆனா சொந்தமா ஒரு சென்ட் இடம் வாங்க முடியாது. என் பையன் அடுக்கம்பாறை ஆஸ்பத்திரியில 2007ல பொறந்தவன், இந்தியால பொறந்தும் இந்தியன் இல்ல. 1987 ஜூலை 1ல இருந்து பொறந்தவங்களுக்கு அப்பா அம்மால ஒருத்தராவது குடிமக்களா இருக்கணும்னு சட்டம்.

2019 டிசம்பர்ல குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்துச்சு. பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசத்துல இருந்து வந்த இந்து, சீக்கியர், பௌத்தர், ஜைனர், பார்சி, கிறிஸ்தவங்களுக்குக் குடியுரிமை, முஸ்லிம்களும் கிடையாது, இலங்கையும் கிடையாது. பையன் நியூஸ் பாத்துட்டு "கிறிஸ்தவங்கன்னு போட்டிருக்கே, அப்ப நாம யாரும்மா?"ன்னு கேட்டான். அவனுக்கு அப்ப பன்னெண்டு வயசு.

அடுத்து வந்த ஜனவரியில ஒரு ஞாயிறு, எங்க போதகர் ஐயா பைபிள்ல ஆமோஸ் 5:24 எடுத்துப் பிரசங்கம் பண்ணாரு. நியாயம் தண்ணியைப்போலவும் நீதி வற்றாத நதியைப்போலவும் புரண்டு வரணும்ங்கிற வசனம். எடுத்ததுமே அவரு சொன்னது, "நம்ம ஊர்க்காரங்களுக்கு வற்றாத நதின்னா என்னன்னு தெரியாது. பாலாத்துல தண்ணியும் போச்சு, மிச்சம் இருந்த ஊத்துத் தண்ணியையும் தோல் ஆலைக் கழிவு கெடுத்துச்சு, அதுக்கு 1996ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பே குடுத்துச்சு, அது தானா வரல, இந்த ஊரு மக்கள் போய்க் கேட்டதால வந்துச்சு." அதோட நிறுத்தல. "முகாம்ல இருக்கற நம்ம ஜனங்களுக்கு முப்பது வருஷமா சேலை குடுக்கறோம், அவங்களுக்காக ஒரு தடவையாவது கேட்டிருக்கமா?"ன்னாரு. கோயில்ல ஒரு சத்தமில்ல, ஃபேன் சுத்தற சத்தம் மட்டும்தான்.

ஆராதனை முடிஞ்சு வாசல்ல ஒரு மேஜை போட்டு மனு வச்சிருந்தாங்க, இலங்கைத் தமிழர்களுக்கும் குடியுரிமை குடுங்கன்னு. எல்லாரும் கையெழுத்துப் போடல, ரெண்டு மூணு பேரு நமக்கு எதுக்கு அரசியல்னு செருப்பை மாட்டிட்டுப் போய்ட்டாங்க. ஆனா அன்னிக்குக் கூழ் கொண்டு வந்த அந்த அம்மா, இப்ப கூன் விழுந்து கண்ணும் சரியா தெரியாது, வரிசையில நின்னு இங்க் பேடுல விரலை அழுத்தி ரேகை வச்சாங்க. வச்சிட்டு விரலைச் சேலைத் தலைப்புல தொடச்சுக்கிட்டு எங்க அம்மாவைப் பாத்து "வரும், உடு"ன்னாங்க. அம்மா அழுதது அங்கதான். படகுல வர்றப்பகூட அவங்க அழுது நான் பாத்ததில்ல.

2021ல முகாமுக்கு மறுவாழ்வு முகாம்னு பேரை மாத்துனாங்க, 317 கோடி ரூபா அறிவிச்சாங்க, நவம்பர் 2ம் தேதி முதலமைச்சர் ஸ்டாலின் இங்க எங்க மேல்மொணவூர்லயே வீட்டுக்கு அடிக்கல் நாட்டுனாரு. குடும்பத் தலைவருக்கு மாசம் 1500, பெரியவங்களுக்கு 1000, பிள்ளைங்களுக்கு 500னு உதவித்தொகையும் ஏறுச்சு. அதே நவம்பர்லதான் பாலாறு கரை தொட்டு ஓடுச்சு, பேரணாம்பட்டுல வீட்டுச் சுவர் இடிஞ்சு ஒம்பது பேர் செத்த வாரம் அது. சபைக் கூடத்துல தண்ணி புகுந்த வீட்டுக்காரங்களைத் தங்க வச்சோம், முகாம் பொம்பளைங்க நாங்கதான் சமைச்சோம், ரெண்டு நாள் காலையில புட்டும் தேங்காப்பால் சொதியும். சொதியைப் பாத்து "இன்னா கொழம்பு இது, மஞ்சத் தண்ணியாட்டம்"னு கேட்டவங்க மறுநாள் ரெண்டாம் தடவை வாங்கிக் குடிச்சாங்க. அம்மா பாலத்துக்குப் போய் ஆத்தைப் பாக்கணும்னு அடம் பிடிச்சாங்க, போலீஸ் விடல, தூரத்துல நின்னே பாத்துட்டு வந்தாங்க.

குடியுரிமை இன்னும் வரல. ஆனா மண்டபத்துல 1986ல, அந்தச் சட்டத் தேதிக்கு முன்னாடியே பொறந்த ஒரு அக்கா ஐகோர்ட் போய் பாஸ்போர்ட் உத்தரவு வாங்கி, திருச்சி கொட்டப்பட்டு முகாம்ல இருந்து 2024 தேர்தல்ல ஓட்டுப் போட்டாங்க. அன்னிக்கு எங்க முகாம்ல அவங்க மை வச்ச விரல் போட்டோ இல்லாத போனே இல்ல.

எனக்கு ஓட்டு இருக்கற ஒரே இடம் எங்க சபைதான். சபையில முழு உறுப்பினராக்கற திடப்படுத்தல் எடுத்து, சந்தா கட்டி, சபை வாக்காளர் பட்டியல்ல பேர் வந்தா சபையை நடத்தற பாஸ்டரேட் கமிட்டித் தேர்தல்ல ஓட்டுப் போடலாம், அங்க யாரும் எந்த நாடுன்னு கேக்கறதில்ல. பட்டியலைக் கோயில் சுவத்துல ஒட்டுனா நான் ஒவ்வொரு தடவையும் போய் என் பேர் மேல விரல் வச்சுப் பாப்பேன். பையன் இப்ப திடப்படுத்தல் வகுப்புக்குப் போய்ட்டிருக்கான், சனிக்கிழமை சாயந்தரம் அஞ்சு மணிக்கு.