டாப் லிங்குக்கு ஹைட்ராலிக் வைப்பதா?

சொர்ணவாரி அறுவடை முடிந்த மறுவாரம், வெள்ளிவாயல்சாவடியில் உள்ள எங்கள் நிலத்தின் வரப்பில் உட்கார்ந்து, அண்ணன் டிராக்டரிலிருந்து எத்தனை முறை இறங்கி ஏறுகிறார் என்று ஒரு பழைய நோட்டில் கோடு போட்டுக்கொண்டே இருந்தேன். காலை 7 மணி முதல் மாலை 5 மணி வரை 41 கோடுகள் விழுந்தன. அவருக்கு 56 வயது ஆகிறது; இடது முழங்காலை மடக்கி இறங்கும் ஒவ்வொரு முறையும் மட்கார்டைப் பிடித்துக்கொண்டு ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் அடுத்த அடியை வைக்கிறார். வண்டியை ஓட்டுவது அவர், பராமரிப்பும் வரவு செலவும் என் பொறுப்பு என்பதால், பின்னால் மாட்டும் கருவிகளைத் தூக்கி இறக்கும் லிஃப்டுக்கு, எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் புதிய ஹைட்ராலிக் கட்டுப்பாடுகளைச் சேர்ப்பதா வேண்டாமா என்ற முடிவும் என்னிடமே வந்து நின்றது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது கொசஸ்தலையாற்று வெள்ளம் மணலி புதுநகரில் உள்ள எங்கள் வீட்டுக்குள்ளும் வந்தது, நிலத்தின் மீதும் ஓடியது. தண்ணீர் வடிந்தபோது கிழக்கு ஓரத்தில் மணல் மேடிட்டிருந்தது. மடை அருகே மண் அரித்துப் பள்ளமாகியிருந்தது. அதன் பிறகு ஒவ்வொரு போகத்துக்கும் முன்னால் பெட்டி வடிவ லெவலரைப் பின்னால் மாட்டி, மேட்டைச் சீவிப் பள்ளத்தில் கொட்டிக்கொண்டிருக்கிறோம். டிராக்டரையும் பின்னால் மாட்டிய கருவியையும் மேற்புறத்தில் இணைக்கும் திருகு கம்பியான டாப் லிங்கைச் சுருக்கினால் பெட்டி முன்பக்கம் சாய்ந்து அதன் முன்விளிம்பு மண்ணை வெட்டும். நீட்டினால் பின்பக்கம் சாய்ந்து, அள்ளிய மண்ணைப் பரப்பும். வெட்டவும் பரப்பவும் மாறி மாறித் தேவைப்படும் நிலத்தில், அந்த ஒரு கம்பியைத் திருகுவதற்காகவே இறங்க வேண்டியிருக்கிறது.

நாங்கள் முதலில் அணுகிய கடைக்காரர், சிலிண்டரை நீட்டவும் சுருக்கவும் எண்ணெய் அனுப்பும் இரண்டு அடுக்கு டபுள் ஆக்டிங் வால்வு, டாப் லிங்கின் இடத்தில் ஒரு சிலிண்டர், கருவியின் வலப்பக்கத்தைத் தூக்கும் லிஃப்ட் ராடின் இடத்தில் இன்னொரு சிலிண்டர், இவற்றுக்கான ஹோஸ்கள் என்று எல்லாவற்றையும் சேர்த்து 62,000 ரூபாய் சொன்னார். அண்ணன் சம்மதித்துவிட்டார். எனக்கு மட்டும் அந்த 41 கோடுகளையும் காரணவாரியாகப் பிரித்துப் பார்க்காமல் பணம் கொடுக்க மனம் வரவில்லை.

பிரித்தபோது டாப் லிங்கைத் திருக 23 முறையும், லிஃப்ட் ராடின் நீளத்தை மாற்றிக் கருவியின் பக்கவாட்டுச் சாய்வைச் சரிசெய்யும் வலப்பக்க லெவலிங் பாக்ஸைத் திருக 11 முறையும், மற்ற வேலைகளுக்காக 7 முறையும் இறங்கியிருந்தார். லெவலிங் பாக்ஸின் கைப்பிடி இருக்கையிலிருந்தே கைக்கு எட்டக்கூடியது. பிறகு ஏன் இறங்கினார் என்று கிட்டே போய்ப் பார்த்தேன். எண்ணூர்ப் பக்கத்து உப்புக்காற்றில் மரையெல்லாம் துருவேறி, கிரீஸ் நிப்பிளின் வாயில் வெள்ளச் சேறு கல்லாக உறைந்திருந்தது. கையால் சுற்ற முடியாததால் அவர் பைப் ரெஞ்சைக் கோத்துச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறார். அதை என்னிடம் சொல்ல வேண்டிய குறையாகவே அவர் நினைக்கவில்லை.

மாதவரம் ரவுண்டானா அருகே பட்டறை வைத்திருக்கும் வயதான மெக்கானிக் ஒருவரை அழைத்து வந்தேன். அவர் கலப்பையைத் தூக்கி நிறுத்தி, இன்ஜினை அணைத்து, தரையிலிருந்து அதன் உயரத்தை ஒரு குச்சியில் அடையாளம் வைத்தார். அரை மணி நேரத்தில் கலப்பை ஒரு சாண் அளவு இறங்கியிருந்தது. “இருக்கிற லிஃப்டே எண்ணெயப் பிடிச்சு நிறுத்தல, இதுல இன்னும் ரெண்டு சிலிண்டர் மாட்டுனா எப்படிம்மா?” என்று கேட்டார். வெள்ளத்துக்குப் பிறகு, தண்ணீர் கலந்து பால் நிறமாகியிருந்த கியர்பாக்ஸ் எண்ணெயை மாற்றியிருந்தோம். ஆனால் ஹைட்ராலிக் வடிகட்டியைத் திறந்து பார்க்காமல் விட்டது என் தவறு. இந்த வகை வண்டிகளில் கியருக்கும் லிஃப்டுக்கும் ஒரே எண்ணெய்தான் என்பதால், சேறு படிந்த வடிகட்டி பம்ப்பைத் திணறவைக்கும். இருக்கையைக் கழற்றி, மேல்மூடியைச் செயின் பிளாக்கில் தூக்கி, பிஸ்டனின் சீல் வளையங்களை மாற்றி, வடிகட்டியையும் கழுவிப் போட்டார்கள். லெவலிங் பாக்ஸை டீசலில் ஊறவைத்துக் கழற்றி, புது கிரீஸ் வைத்த பிறகு, அண்ணன் இருக்கையில் அமர்ந்தபடியே அதை ஒரு கையால் சுற்றினார். பக்கவாட்டுச் சிலிண்டர் தேவையில்லை என்பது அப்போதே முடிவாகிவிட்டது.

டாப் லிங்கைப் பற்றி முடிவெடுக்கத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது. வடசென்னைக்காரர்களுக்கு டிராக்டர் அந்நியப் பொருள் அல்ல. 1960இல் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனம் மாஸி ஃபெர்குசன் டிராக்டர்களைச் செய்தது நம் செம்பியத்தில்தான். அந்தப் பெயரில் உள்ள ஹாரி ஃபெர்குசன் என்ற அயர்லாந்துப் பொறியாளர் வகுத்த, கருவியைக் கீழே இரண்டு இடங்களிலும் மேலே டாப் லிங்கிலும் பிடிக்கும் மூன்று முனை இணைப்பு, 1939இல் வெளிவந்த ஃபோர்டு 9என் டிராக்டரின் வழியாகப் பரவி, இன்று ஏறக்குறைய எல்லா வண்டிகளிலும் இருக்கிறது. எங்கள் வண்டியைப் போன்றவற்றில் டாப் லிங்க் வெறும் பிடிகம்பி அல்ல. உழும்போது கலப்பை கெட்டி மண்ணில் சிக்கினால் டாப் லிங்க் முன்னோக்கித் தள்ளப்பட்டு, உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கை அழுத்தும். அந்த அழுத்தத்தைக் கொண்டு டிராஃப்ட் கட்டுப்பாடு என்ற அமைப்பு கலப்பையைச் சற்றே தூக்கிவிடும். ஆகவே அந்த இடத்தில் வைக்கும் சிலிண்டர் பாரத்தில் துளியும் சுருங்கக் கூடாது. சுருங்கினால் உழவின் ஆழம் ஓட ஓட மாறிக்கொண்டே போகும். இதனால் எண்ணெய் தானாக நகராமல் பூட்டிவைக்கும் லாக் வால்வை சிலிண்டரின் மீதே பொருத்தியதைத்தான் வாங்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். விலை குறைந்தவற்றில் அது இருக்கவில்லை.

வேகத்தையும் கணக்கிட்டோம். 63 மில்லிமீட்டர் உள்விட்டமும் 200 மில்லிமீட்டர் ஓட்டமும் உள்ள சிலிண்டர் முழுதாக நீள 600 மில்லிலிட்டருக்குச் சற்றே கூடுதலான எண்ணெய் போதும். பம்ப் நிமிடத்துக்கு 16 லிட்டர் தள்ளும் என்று வைத்துக்கொண்டால் இரண்டரை நொடிக்குள் முழு ஓட்டமும் முடிந்துவிடும். விரலளவு சாய்வைச் சரிசெய்யும் வேலைக்கு இது மிக வேகம். ஹோஸ் இணைப்பில் துளை சிறுத்த ரெஸ்ட்ரிக்டர் ஒன்றைப் போடச் சொல்லியிருக்கிறோம். சிலிண்டரை முழுதாகச் சுருக்கினாலும் அது பழைய டாப் லிங்கைவிட நீளமாகவே நிற்கும் என்பதால், மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டர் மாட்டும்போது பழையதையே போட்டுக்கொள்வோம், இல்லாவிட்டால் இன்ஜின் சக்தியை அதற்குக் கொண்டுசெல்லும் பி.டி.ஓ. ஷாஃப்ட் அளவுக்கு மீறிய கோணத்தில் சுழல நேரிடும்.

ஆக, ஓர் அடுக்கு வால்வும் டாப் லிங்க் சிலிண்டரும் மட்டும் 34,000 ரூபாய்க்கு என்று முடிவு செய்து முன்பணம் கொடுத்துவிட்டேன். சம்பா உழவுக்கு முன்னால் பொருத்திவிடுவார்கள். புது வால்விலிருந்து வாடகை டிப்பருக்கும் இணைப்புக் கொடுக்கலாம் என்று அண்ணன் ஆசைப்பட்டார். பிறர் சிலிண்டரில் கிடக்கும் அழுக்கு எண்ணெய் எங்கள் கியர்பாக்ஸுக்குத் திரும்பி வரும் என்பதால் அதற்கு நான் ஒப்புக்கொள்ளவில்லை. லீவரை எங்கே வைப்பது என்பதிலும் எங்களுக்குள் பேச்சு நடந்தது. தரையில் நின்றபடியே இயக்கும்படி மட்கார்டின் பின்பக்கம் வைத்தால் லெவலர் மாட்டும்போது வசதி என்றார் அவர். லெவலரை மாட்டும்போது இணைப்பு ஊசியைச் செருகுவது பெரும்பாலும் அவர் மகன். டிராக்டருக்கும் லெவலருக்கும் நடுவில் அவன் குனிந்திருக்கும்போது வெளியிலிருந்து யார் கை பட்டாலும் லீவர் அசையக் கூடாது. இருக்கையின் வலப்பக்கம், ஓட்டுபவர் கைக்கு மட்டும் எட்டும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறேன்.