தமிழில் உறுதிமொழி எடுத்தேன்: கல்லூரி யூனியன் பதவியேற்பு அனுபவம்

எனக்கு வீடு கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை. பிளஸ் டூ வரை தமிழ் மீடியம், அப்புறம் சித்தூர்ப் பக்கம் அரசுக் கல்லூரி. அங்கே யூனியன் தேர்தலில் தமிழ் அசோசியேஷன் செக்ரட்டரியாக ஜெயித்தேன். எங்கள் கல்லூரியில் ஜெயித்த கையோடு பொறுப்பு வந்துவிடாது. பிரின்சிபல் முன்னால் சத்தியப்பிரதிக்ஞை எடுத்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும்.

நாமினேஷன் பெரிய சிரமமில்லை. மாணவர் தேர்தல்களுக்கு விதி வகுத்த 2006 லிங்டோ கமிட்டி சொன்னபடி 75 சதவீத வருகை, இளநிலை மாணவருக்கு 17 முதல் 22 வயது, செலவு 5,000 ரூபாய்க்குள். அவ்வளவுதான்.

உறுதிமொழித் தாள் மலையாளத்தில் இருந்தது. மலையாளம் எனக்கு நன்றாகவே வரும். ஆனாலும் தமிழ் மன்றப் பொறுப்பைத் தமிழில் ஏற்பதுதான் முறை என்று பட்டது. கேரள ஆட்சிமொழிச் சட்டம், 1969, தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசு அலுவலகங்களுக்குத் தங்கள் மொழியிலேயே எழுத இடம் தருகிறது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலருக்கு இது தெரிவதில்லை. அதைக் குறிப்பிட்டு, விண்ணப்பத்தையும் தமிழிலேயே எழுதிக் கொடுத்தேன். பிரின்சிபல் மறுக்கவில்லை. “தாராளமா எடுக்கலாம். ஆனா வாசகத்தை முன்னாடியே காட்டிடணும்” என்றார்.

அந்த நிபந்தனை சரியானது. 2021 மே மாதம் தேவிகுளம் எம்.எல்.ஏ. ஆ. ராஜா சட்டசபையில் தமிழில் பதவியேற்றார். இரண்டில் ஒன்று இருந்தாக வேண்டிய இடத்தில், கொடுத்த மொழிபெயர்ப்பில் ‘கடவுளின் பெயரால்’ என்பதும் இல்லை, ‘உளமார’ என்பதும் இல்லை. ஜூனில் அவர் மறுபடியும் உறுதிமொழி எடுக்க வேண்டியதாயிற்று. இதை நினைவுபடுத்திய எங்கள் துறைத்தலைவர், மலையாளத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாக ஒப்பிட்டார். நான் ‘உளமார’ என்பதைத் தேர்ந்தெடுத்தேன். பிரின்சிபல் பார்த்துக் கையெழுத்திட்ட பிரதியைக் கோப்பில் சேர்த்தார்கள். தமிழில் எடுக்க விரும்புகிறவர்கள் இந்தக் கையெழுத்தை விட்டுவிடாதீர்கள். அது இருந்தால் விழா நாளில் மேடையில் யாரும் கேள்வி கேட்க இடமிருக்காது.

விழாவில் முதலில் சேர்மன், பிறகு பெண்களுக்கான வைஸ் சேர்மன், செக்ரட்டரி, பல்கலைக்கழக யூனியன் கவுன்சிலர்கள். அசோசியேஷன் செக்ரட்டரிகள் கடைசியில்தான். என் முறை வந்ததும் பிரின்சிபல் துறைத்தலைவரைச் சொல்லிக்கொடுக்க அழைத்தார். “நான்” என்று அவர் நிறுத்த, என் பெயரைச் சொன்னேன். குரல் நடுங்கியது; ஆனால் ஒரு சொல்லும் விடவில்லை. வேலந்தாவளம், மீனாட்சிபுரத்துப் பிள்ளைகள் எழுந்து நின்று கை தட்டினார்கள். பக்கத்தில் நின்ற மலையாளம் அசோசியேஷன் செக்ரட்டரியும் தட்டினாள். அந்தக் கைதட்டல் எனக்கு மட்டுமானதில்லை என்று இப்போதும் நம்புகிறேன்.

கையெழுத்து முடிந்ததும் செலவுக் கணக்கு பாக்கி இருந்தது. முடிவு அறிவித்த இரண்டு வாரத்துக்குள் தணிக்கை செய்து கொடுக்க வேண்டும் என்பது லிங்டோ விதி. ஜெராக்ஸ் கடை ரசீதுகளையெல்லாம் சேர்த்து வைத்திருந்ததால் அது சுலபமாக முடிந்தது.