ஒரே ஊர்ல ரெண்டு கடல்

கடல் பாக்க பாரிஸ் போய் அங்கேருந்து இன்னொரு ப்ளைட் ஏறணுமாடி, நம்ம மலேசியாவுல இருக்க போர்ட் டிக்சன் பத்தாதான்னு அம்மா கேட்டது நியாயம்தான். ஆனா குவாதலூப் மேல எனக்கு ரொம்ப நாளா ஒரு கண்ணு. பிரான்ஸ் கையில இருக்க கரீபியன் தீவு, 1848ல அடிமைகள விடுதலை பண்ணதும் கரும்பு வெட்ட ஆள் பத்தல, 1854லேர்ந்து பாண்டிச்சேரி காரைக்கால் பக்கத்து சனங்களயும் கப்பல் ஏத்திட்டாங்க. நம்ம பாட்டன் பால்மரம் (ரப்பர்) வெட்ட இங்க வந்த மாதிரி.

நாங்க தங்குனது சான் பிரான்சுவா. ஊர ஒட்டி லகூன், வெளிய பவளப்பாறை வேலி போட்டாப்ல நிக்குது, அலையெல்லாம் அங்கயே வெள்ளையா உடைஞ்சு போயிடுது, உள்ள தண்ணி இடுப்பளவு, பச்சைக் கண்ணாடி. அம்மா பாவாடையோட எறங்கி உக்காந்துட்டு "இது கடலா கொளமாடி"ங்குது. மூணு மணி நேரம் எந்திரிக்கவே இல்ல.

அடுத்த நாள் வாடகை காடி எடுத்துட்டு கெழக்கு முனை, புவாந்த் தே ஷாத்தோ. ஊர்லேர்ந்து பத்து கிலோமீட்டர் சொச்சம்தான் ஆனா வேற உலகம், அட்லாண்டிக் நேரா வந்து பாறைல அறையுது, பேசுறது காதுல விழல, உச்சியில ஒரு பெரிய சிலுவை, தூரத்துல லா தெசிராத் தீவு. குளிக்கிறது ஆபத்துன்னு போர்டு இருந்துச்சு. கால் மட்டும் நனைக்கலாம்னு போனேன், ஒரு செருப்பு போச்சு. (சிவப்பு கோடு அடிச்ச மரம் இருந்தா கீழ நிக்காதீங்க, மான்செனியேன்னு பேரு, மழை பேஞ்சா அதுலேர்ந்து சொட்டுற தண்ணி பட்டாலே தோல் வெந்துடும்.)

கடைப் பலகையில முத்துசாமி, ராமசாமின்னு பேரு பாத்துட்டு அம்மா ஆசையா தமிழ்ல பேச்சு குடுத்துச்சு. அந்தக்கா முகம் அப்படியே நம்ம செந்தூல் மார்க்கெட்ல நிக்கிற முகம், ஆனா பிரெஞ்சும், பிரெஞ்சு கலந்த உள்ளூர் பாஷை கிரியோலும்தான் வருது. சிரிச்சிட்டு ரெண்டு பேரும் கைய புடிச்சிக்கிட்டாங்க, அவ்ளோதான். எனக்குத்தான் தொண்டை அடைச்சுது.

அங்க கறிக்கு 'கொலம்போ'ன்னு பேரு. மல்லி, சீரகம், மஞ்சள், வெந்தயம், கடுகுன்னு நம்ம சாமான்தான். ஒரு பாக்கெட் வாங்கிட்டு வந்து போன வாரம் ஆட்டுக்கறி வச்சோம். அம்மா நக்கிப் பாத்துட்டு, "மொளகாயே இல்லையேடி, இத்தன வருஷமா எப்படித்தான் தின்னாங்களோ"ன்னு ரெண்டு கரண்டி மொளகாத்தூள அள்ளிப் போட்டுச்சு.