கெர்பாவ் ரோட்டுச் சுவர்

சிங்கப்பூரில் எனக்குக் கிடைத்த முதல் சைட், லிட்டில் இந்தியாவில் கெர்பாவ் ரோட்டை ஒட்டிய ஒரு பழைய கடைவீடு. கெர்பாவ் என்றால் மலாயில் எருமை. பக்கத்திலேயே பஃபலோ ரோடு. ஒரு காலத்தில் மாட்டுக் கொட்டகைகளாக இருந்த இடம், அதனால் எருமைக்கு இரண்டு தெரு.

கீழே கடை, மேலே வீடு, முன்னால் அஞ்சடி என்கிற கூரை போட்ட நடைபாதை, நடுவில் நம் ஊர் முற்றம் மாதிரி வானம் பார்த்த திறப்பு. 1989-இல் இந்த வட்டாரத்தைப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்துவிட்டார்கள். இடிக்க முடியாது. முகப்பு, ஓடு, மர ஜன்னல் எல்லாம் இருந்தபடி இருக்க வேண்டும். கெட்டுப்போனதை மட்டும் மாற்றலாம். நான் காரைக்குடிப் பக்கம். பெரிய வீடுகளைப் பிரித்துத் தூண் தனியாக, கதவு தனியாக விற்பதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது பிரமிப்பாக இருந்தது.

எங்களைப் பாடாய்ப் படுத்தியது இடது பக்கப் பொதுச்சுவர். இடுப்பு உயரம் வரை உப்பு பூத்து, பெயின்ட் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. யாரோ முன்பு சிமென்ட் பூசியிருக்கிறார்கள். அந்தக் காலத்துச் செங்கல் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு என்றால் அந்த ஈரம் வெளியேறிக் காய்ந்துவிடும். சிமென்ட் வழியை அடைத்துவிடும். சிமென்டைக் கொத்தி எடுத்து, அடிவரிசையில் துளை போட்டு ஈரம் ஏறாமல் தடுக்கும் மருந்து ஏற்றி, சுண்ணாம்புக் காரையை ஒவ்வொரு பூச்சாகக் காயவிட்டுப் பூசினோம். எங்கள் ஊரில் கடுக்காயும் வெல்லமும் ஊறப்போட்டுக் காரை அரைப்பார்கள். இங்கே மூட்டையில் வந்தது. ஒரு முறை அவசரப்பட்டு ஈரத்தின் மேலேயே அடுத்த பூச்சை ஏற்றச் சொல்லிவிட்டேன். நாலு நாளில் வெடிப்பு விட்டது. தப்பு என்னுடையது, திட்டு வாங்கியது கொத்தனார்.

சுவருக்கு அந்தப் பக்கம் மளிகைக்கடை. “தம்பி, உங்க தூசி பூரா என் மல்லிச் சாக்குல” என்று அந்த அண்ணன் தினம் வருவார். பிளாஸ்டிக் படுதா கட்டிக் கொடுத்த பிறகுதான் டீ வாங்கித் தந்தார். எங்கள் கட்டடத்தில் முன்பு இருந்த முடிதிருத்தும் கடையைப் பற்றி அவர்தான் சொன்னார். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய கட்டடங்களுக்கு 1947-இலிருந்து வாடகைக் கட்டுப்பாடு. வாடகை ஏறவில்லை, அதனால் கடைக்காரர்கள் நகரவில்லை. வருமானம் இல்லாததால் உரிமையாளர்கள் பழுதும் பார்க்கவில்லை. 2001-இல் அந்தச் சட்டமே போனது. “அப்புறம் என்ன, கத்திரியைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டாரு.”

இதைக் கேட்ட பிறகு என் வேலையை முன்போலப் பார்க்க முடியவில்லை. ஜன்னல் பலகையின் அகலத்தைக் கூட வரைபடத்தோடு ஒப்பிட்டுக் கையெழுத்துப் போடுகிறோம். உள்ளே இருந்தவருக்கு வரைபடத்தில் இடமில்லை. அதற்காக இடித்திருக்கலாம் என்று சொல்ல மாட்டேன். இடித்திருந்தால் அவரும் போயிருப்பார், அஞ்சடியும் போயிருக்கும்.

மதியம் சாப்பிட்டுவிட்டு டான் டெங் நியா வீட்டு வாசலில் நிற்பேன். 1900-இல் ஒரு சீன வணிகர் கட்டியது. இன்றைக்கு வானவில் நிறத்தில் மின்னுகிறது, அதன் முன்னால் படம் எடுக்காத சுற்றுலாப் பயணி இல்லை. ஆதியில் அது வெள்ளைச் சுவர்தானாம்.

போன வருஷம் அந்தப் பக்கம் போனேன். எங்கள் கட்டடத்தில் இப்போது தங்கும் விடுதி. மளிகைக்கடை இருந்த இடத்தில் கைப்பேசிக் கடை, வேறு முகங்கள். விடுதி வரவேற்பில் இருந்த பெண்ணிடம் கேட்டுக்கொண்டு உள்ளே போய், குனிந்து சுவரின் அடியைத் தடவிப் பார்த்தேன். உப்பு இல்லை. என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டாள். ஒன்றுமில்லை, இந்தச் சுவர் நான் பூசியது என்றேன். அவள் சிரித்துவிட்டு வைஃபை வேண்டுமா என்று கேட்டாள்.