கழுகு மண்டலத்துக் கருந்துளை: ஜூலைக் குறிப்புகள்

ஜூலை 2, பாளையங்கோட்டை

இந்தியாவின் விண்வெளித் தொலைநோக்கியான ஆஸ்ட்ரோசாட்டின் காப்பகத்திலிருந்து கோப்புகள் இறங்கிவிட்டன. ஜிஆர்எஸ் 1915+105 என்ற கருந்துளையை 2017 மார்ச் இறுதியில் எக்ஸ் கதிரில் பார்த்த பதிவு.

வெளியே ஒரே மேகம். "இன்று உன் படிப்புக்கு விடுமுறையா?" என்று பெரியப்பா சீண்டினார். எக்ஸ் கதிருக்கு மேகம் எம்மாத்திரம், காற்றுமண்டலமே அதைக் கீழே விடுவதில்லை. அதனால்தான் 650 கிலோமீட்டர் உயரத்தில் கருவி. பெரியப்பா மகேந்திரகிரியில் எஞ்சின் சோதனையில் இருந்து ஓய்வு பெற்றவர். 2015இல் ஆஸ்ட்ரோசாட்டை ஏற்றிய பிஎஸ்எல்வி ராக்கெட்டின் இரண்டாம் கட்டம் அங்கே சோதிக்கப்படும் விகாஸ் எஞ்சின் என்பதால், என் ஆய்வில் தனக்கும் பாதிப் பங்கு என்பார்.

ஜூலை 5

ஒளி வளைவு, அதாவது நேரத்தோடு பிரகாசம் மாறும் வரைபடம், வரைந்தாயிற்று. பதிவின் பிற்பகுதியில் மெல்ல ஏறி, சட்டென்று கூர்முனையாக எகிறி, சரிந்து, ஏறத்தாழ 50 நொடிக்கு ஒருமுறை மறுபடி ஏறுகிறது. இதயத்துடிப்பு என்கிறார்கள். எனக்கென்னவோ அடுப்பில் பால் பொங்கி அடங்குவதுதான் நினைவுக்கு வருகிறது. கருந்துளையோடு இணையாகச் சுற்றும் துணை விண்மீனிடமிருந்து வரும் வாயு, கருந்துளையைச் சுற்றி வட்டாகச் சுழன்று, உராய்ந்து, கோடி டிகிரி அளவுக்குக் கொதிக்கிறது. கதிரின் அழுத்தமே மிஞ்சும்போது வட்டின் உட்பகுதி நிலைகுலைந்து காலியாகிறது. வெளியிலிருந்து வாயு வந்து நிரம்பியதும் அடுத்த துடிப்பு. பரவலான விளக்கம் இதுதான். சூரியனைப் போல் 12 மடங்கு நிறையுள்ள ஒன்றின் வாசலில் நடப்பது ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடுவதை எத்தனை முறை பார்த்தாலும் அலுக்கவில்லை.

பதிவின் நடுநடுவே தரவில்லாத வெற்றிடங்கள். பூமி குறுக்கே வந்துவிடும். தென் அட்லாண்டிக்கின் மேலே மின்னேற்றத் துகள்களின் மழை என்பதால் கருவியை அணைத்துவிடுவார்கள்.

ஜூலை 8

டவுனில் ஆனித் தேரோட்டம். பஸ் கிடைப்பது கஷ்டம் என்று வீட்டிலேயே இருந்துவிட்டேன்.

வெற்றிடங்களைப் பார்த்த பெரியப்பா, "செயற்கைக்கோள் பூமியைச் சுற்றுவதையே துடிப்பு என்று எண்ணிவிடப் போகிறாய்" என்றார். நல்ல கேள்வி, சோதனைக்கூடத்தில் பழகிய கண். சுற்று சுமார் 98 நிமிடம், அதாவது 0.17 மில்லிஹெர்ட்ஸ் (ஆயிரம் நொடிக்கு 0.17 முறை), துடிப்பு 20 மில்லிஹெர்ட்ஸ் அருகே. இரண்டும் ஒட்டவே ஒட்டாது. ஆனாலும் இடைவெளியில்லாத துண்டுகளை மட்டும் எடுத்து, எந்த அதிர்வெண்ணில் துடிப்பு வலுவாக இருக்கிறது என்று காட்டும் திறன் நிறமாலை போட்டேன். முகடு அதே இடத்தில் நிற்கிறது.

1992இல் வெளிச்சத்துக்கு வந்த இந்த மூலம் 2018இல் மங்கிவிட்டது. ஆகவே பழைய பதிவுகளைத் துருவுவதில் எனக்குக் குறையொன்றும் இல்லை. அடுத்து, ஒவ்வொரு துடிப்பிலும் ஆற்றல் மிகுந்த கதிர்கள் பிந்தி வருகின்றனவா என்று அளக்க வேண்டும்.