கூரையில் ஒரு நீலச் சொட்டு

இன்று மதியம் எங்கள் அடுக்களைக் கூரையில் நீல நிறத்தில் ஒரு சொட்டு திரண்டு நின்றது.

நானும் மேல்வீட்டு மைனியும் அண்ணாந்து பார்த்தபடி நின்றோம். பேசி மூன்று மாதம் ஆகிறது. அவர்கள் தண்ணீரைக் கொட்டுவதால் ஒழுகுகிறது என்பேன் நான். செங்கோட்டைச் சாரல் சுவரில் ஊறி இறங்குகிறது என்பார் மைனி.

கேரளப் பக்கத்து ஆரியங்காவிலிருந்து வந்த பிளம்பர் சேட்டன் எங்கள் சண்டையைக் கேட்கவே இல்லை. (1956 நவம்பர் 1-இல் இந்த ஊர் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. ஆனாலும் வேலைக்காரர்கள் இரண்டு பக்கமும்தான் போய்வருகிறார்கள்.)

"மழை இல்லாதப்பவும் சொட்டுதா? ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் நிக்குதா?"

இரண்டுக்கும் ஆமாம்.

அப்படியென்றால் மழையும் இல்லை, எந்நேரமும் தண்ணீர் நிற்கும் குழாயும் இல்லை, குளித்த தண்ணீர் போகிற வழிதான் என்றார். ஒரு வாளித் தண்ணீரில் சொட்டு நீலம் கலந்து மேல்வீட்டுக் குளியலறையில் ஊற்றினார். முக்கால் மணி நேரம் காத்திருந்தோம்.

குளியலறைத் தரைக்கும், தண்ணீர் இறங்கும் வாயான நஹானி ட்ராப்புக்கும் நடுவே சிமெண்ட் விட்டுப்போயிருக்கிறது. கட்டும்போதே சரியாக அடைக்காத இடம். மைனி வீட்டில் யாரும் எதையும் உடைக்கவில்லை.

மூன்று மாதமாக ஒருவர் மேல் ஒருவர் மனு எழுதினோம். கட்டியவர் மேல் ஒரே மனுவில் இருவரும் கையெழுத்துப் போட்டிருக்கலாம். அதுதான் மனதை அறுக்கிறது.

பூச்சு காய நாளை வரை ஆகும். "நம்ம வீட்ல குளிச்சுக்கோங்க மைனி" என்றேன்.

வாளியும் துண்டுமாகப் பிள்ளைகள் படியிறங்கி வருகிறார்கள்.