பொன்னம்பலம் என்னும் பெயர்

மருதனார்மடம் இராமநாதன் கல்லூரியின் வரவுப் பதிவேட்டில் என் அப்பா 'பொ.' என்ற ஒற்றை எழுத்தாகவே இருந்தார். "உம்மடை முதலெழுத்துத்தான் ஸ்தாபகருக்கும், பிள்ளை" என்று வகுப்பாசிரியை ஒருமுறை அந்த எழுத்தின்மேல் விரலை வைத்துச் சொன்னபோது எனக்கு உண்டான பெருமிதம் இன்றுவரை குறையவில்லை. சிங்கப்பூருக்கு வந்தபின் படிவங்களில் அவ்வெழுத்து விரிந்து என் பெயருக்குப் பின்னால் போய் நின்றது. அலுவலகத்தில் எல்லோரும் என்னை 'மிஸ் பொன்னம்பலம்' என்றே அழைத்தார்கள்.

எங்கள் ஸ்தாபகர் பொன்னம்பலம் இராமநாதனின் தந்தையாரான, 'கேற் முதலியார்' என்னும் ஆங்கிலேயர் ஆட்சிக்காலப் பட்டம் பெற்ற அருணாசலம் பொன்னம்பலம், கொழும்பு கொச்சிக்கடையில் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலை எழுப்பியவர். அவருடைய மூன்று புதல்வர்களான குமாரசாமி, இராமநாதன், அருணாசலம் ஆகியோர் தந்தையின் பெயரைத் தம் பெயருக்கு முன்னே தாங்கியே பொதுவாழ்வுக்கு வந்தனர். 1911 இல் சட்டநிரூபண சபையின் 'படித்த இலங்கையர்' தொகுதியில் வென்ற இராமநாதன், 1913 இல் பெண்களுக்கென எங்கள் கல்லூரியையும், 1921 இல் திருநெல்வேலியில் பரமேசுவராக் கல்லூரியையும் நிறுவினார். 1974 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகம் தொடங்கியது அந்தப் பரமேசுவரா வளவில்தான். நான் படித்தது அண்ணனின் கல்லூரியில் என்றாலும், என் மனம் தம்பி அருணாசலத்தையே கூடுதலாகச் சாரும். குடியியற் சேவைப் போட்டிப் பரீட்சையில் தேறிய முதல் இலங்கையரான அவர், 1901 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பைப் பொறுப்பேற்று நடத்தினார். 1919 இல் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவரான அவரே, மேல் மாகாணத்தில் தமிழருக்கு ஓர் ஆசனம் தருவதாகச் சிங்களத் தலைவர்கள் கொடுத்த வாக்கு காப்பாற்றப்படாதபோது அதிலிருந்து விலகினார். வாக்கை அவ்வளவு பெரிதாக மதித்த ஒருவரைப் பற்றி நம் பிள்ளைகள் அறியாதிருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

1944 இல் அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரசை நிறுவி, அரசியலமைப்புச் சீர்திருத்தத்தை ஆராய வந்த சோல்பரி ஆணைக்குழுவின் முன், ஆசனங்களில் பாதி சிங்களவருக்கும் பாதி சிறுபான்மையினருக்கும் என்ற ஐம்பதுக்கு ஐம்பது கோரிக்கையை வாதாடிய ஜீ. ஜீ. பொன்னம்பலம் வேறு குடும்பத்தவர். அவருக்கு அது சொந்தப் பெயர். 2000 ஜனவரியில் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்ட மகன் குமாரும், பேரன் கஜேந்திரகுமாரும் அதையே குடும்பப் பெயராக வைத்துக்கொண்டனர். இங்கே பிறந்து வளர்ந்த நம் இளையோர் பெயர் ஒன்றாயிருப்பதைக் கண்டு இரு குடும்பங்களையும் ஒன்றாக எண்ணிவிடுகிறார்கள். சிலோன் ரோட்டுச் செண்பக விநாயகர் கோயில் முன்றலில் இதை நான் பலருக்கும் விளக்கியிருக்கிறேன்.

ஆகவே, நம் சங்கத்தின் அடுத்த மலரின் உறுப்பினர் பட்டியலில் முதலெழுத்துகளை விரித்துத் தந்தையரின் பெயர்களை முழுமையாக அச்சிடுமாறு செயற்குழுவைக் கேட்டிருக்கிறேன். சம்மதமுள்ளவர்கள் தம் தந்தையார் பெயரையும் ஊரையும் எழுதி அனுப்பினால் நன்று.